இடம் மாறிய தேவாலயம்: எல் கிரேக்கோவின் தொலேடோ

பிறந்து வளர்ந்த ஊரை நினைவிலிருந்து வரையச் சொன்னால் என்ன செய்வீர்கள்? கோயில், பேருந்து நிலையம், ஆற்றுப்பாலம், படித்த பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் ஒரே தாளில் கொண்டுவந்து விடுவீர்கள். நிஜத்தில் எந்த மொட்டை மாடியில் ஏறி நின்றாலும் இவை நான்கும் சேர்ந்தாற்போல் தெரியாது. ஆனாலும் பார்க்கிற ஊர்க்காரர் "அட, நம்ம ஊரு!" என்றுதான் சொல்வார். சுமார் 400 வருடங்களுக்கு முன்னால் ஸ்பெயினில் ஒரு பெரிய ஓவியர் இதையேதான் செய்தார்.

அவர் பெயர் டொமினிகோஸ் தியோடோகோபுலோஸ். 1541ல் கிரீட் தீவில் பிறந்தவர். வெனிஸிலும் ரோமிலும் தொழில் பழகிவிட்டு, 1577ல் ஸ்பெயினின் தொலேடோ நகருக்கு வந்தார். அவரை உலகம் அறிந்திருப்பது 'கிரேக்கர்' என்று பொருள்படும் எல் கிரேக்கோ என்ற பெயரில்தான். 1614ல் இறக்கும் வரை, 37 வருடங்கள், தொலேடோதான் அவருக்கு ஊர்.

அவர் வந்து சேர்ந்தபோது ஊரின் நல்ல காலம் கொஞ்சம் கடந்துவிட்டிருந்தது. 1561லேயே மன்னர் இரண்டாம் பிலிப் தன் அரசவையை மாட்ரிட்டுக்கு மாற்றிவிட்டார். உச்சியில் அல்காசார் என்ற அரண்மனை இருந்தது, ஆனால் ராஜா இல்லை. ஊருக்கு மிஞ்சிய பெருமை அதன் தேவாலயம்தான். ஸ்பெயினின் தலைமைப் பேராயர் இருக்கும் இடம் அது.

இந்த ஊரை அவர் 1600க்கு முந்தைய சில ஆண்டுகளில் வரைந்தார். 'தொலேடோவின் காட்சி' என்ற அந்த ஓவியம் இன்று நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கருமேகம் திரண்ட வானம், கண்ணைப் பறிக்கும் பச்சைப் புல், மலைமேல் சாம்பல் வெள்ளையில் கட்டடங்கள். கீழே டேகஸ் ஆறு, அதன்மேல் பழைய அல்காந்தரா பாலம்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. தொலேடோ ஒரு பாறைக் குன்றின்மேல் உள்ள ஊர். மூன்று பக்கமும் ஆறு வளைத்துக்கொண்டு ஓடுகிறது. ஒரு பக்கம் நின்று பார்த்தால் இன்னொரு பக்கம் மறைந்துவிடும். எல் கிரேக்கோ வரைந்தது வடக்கிலிருந்து தெரியும் கிழக்குப் பகுதியை. அந்தச் சட்டத்துக்குள் தேவாலயம் வரவே வராது. அவர் என்ன செய்தார்? தேவாலயத்தின் கோபுரத்தை அப்படியே தூக்கி அல்காசாருக்கு இடது பக்கம் வைத்துவிட்டார்!

தெரியாமல் செய்த பிழையாக இது இருக்க முடியாது. அப்போதே அவர் ஏறக்குறைய 20 வருடம் அந்தத் தெருக்களில் நடந்தவர். தேவாலயம் இல்லாமல் தொலேடோவைக் காட்டினால் அது தொலேடோவே ஆகாது என்று அவர் நினைத்திருக்க வேண்டும். ராஜா விட்டுப்போன அரண்மனைக்குப் பக்கத்தில், ஊரை விட்டுப் போகாத தேவாலயம் நிற்கிறது.

சரி, இது ஏமாற்று வேலை இல்லையா? இதற்குப் பதில் சுமார் 1610ல் அவர் வரைந்த இன்னொரு படத்தில் இருக்கிறது. 'தொலேடோவின் காட்சியும் வரைபடமும்' என்ற அந்த ஓவியம் தொலேடோவிலேயே, அவர் பெயரில் உள்ள அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் மதிலுக்கு வெளியே இருந்த தவேரா மருத்துவமனை ஒரு மேகத்தின்மேல் மிதக்கிறது. ஏன்? காரணத்தை ஓவியரே படத்தில் எழுதி வைத்திருக்கிறார். மருத்துவமனையை அதன் இடத்திலேயே வரைந்தால் பிசாக்ரா வாசலை மறைக்கும், அதன் குவிமாடம் ஊரையே மிஞ்சி உயர்ந்துவிடும். அதனால் ஒரு மாதிரி வடிவம் போல எடுத்துத் தனியே வைத்ததாகச் சொல்கிறார். எப்படியும் இடம் மாற்றியாகிவிட்டது, ஆகவே அதன் முகப்பையே காட்டலாம் என்று தோன்றியதாம். நிஜத்தில் அது எங்கே இருக்கிறது என்பதை வரைபடத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்றும் எழுதுகிறார்.

அந்த வரைபடத்தை ஓர் இளைஞன் ஓவியத்தின் வலது பக்கத்தில் விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். கண்ணுக்குத் தெரிய வேண்டிய ஊர் ஒரு பக்கம், அளவு தவறாத ஊர் இன்னொரு பக்கம். மாற்றியதை மறைக்கவில்லை, கணக்கும் கொடுத்துவிட்டார். கட்டடத்தைச் சின்னதாக்கி ஓர் ஓரத்தில் ஒதுக்கியிருக்கலாம். ஆனால் 1608ல் அதே மருத்துவமனையின் தேவாலயத்துக்குப் பலிபீட ஓவியங்கள் செய்ய அவர் ஒப்பந்தம் செய்திருந்தார். அதைச் சிறுமைப்படுத்த மனம் வருமா?

கடைசிக் காலத்தில் வரைந்த 'லாவோகூன்' ஓவியத்தில் இன்னும் ஒரு படி போனார். கதை நடப்பது பழைய கிரேக்கக் கதையின் ட்ராய் நகரில். பின்னால் தெரிவதோ தொலேடோ! மரக்குதிரை ஊர் வாசலை நோக்கிப் போகிறது. வந்தேறியாக வந்தவருக்கு, நகரம் என்றாலே இந்த ஊர்தான் என்று ஆகிவிட்டது போல.

1936ல் ஸ்பெயின் உள்நாட்டுப் போரின்போது அல்காசார் முற்றுகையில் இடிந்து சிதைந்தது. பிறகு அதைத் திரும்பக் கட்டினார்கள். இன்று தொலேடோ போகிறவர்கள் ஆற்றுக்கு வடக்கே நின்று கேமராவைத் தூக்கினால் அரண்மனை விழும், பாலம் விழும். தேவாலயம் மட்டும் எல் கிரேக்கோ வைத்த இடத்தில் கிடைக்காது. அதைப் பார்க்க ஊருக்குள் நடந்து போக வேண்டும்.