கழுத்தில் கலயம், கையில் ஊசி: சவி சாவர்கர் என்னும் ஓவியர்

ராசிபுரம் பக்கம் ஒரு காலனியில் அண்ணல் பிறந்தநாளுக்குச் சுவரில் படம் வரைந்துகொண்டிருந்தார்கள். வரைந்தவர் நாமக்கல் லாரி பாடி பட்டறைகளில் பெயின்ட் வேலை செய்பவர். கட்டம் போட்டு, நீலக் கோட்டை முடித்து, கண்ணாடியை வைத்து, கடைசியில் கீழே இளைஞர் மன்றத்தின் பெயரை எழுதினார். தன் பெயரை எழுதவில்லை.

கூட நின்ற கல்லூரி மாணவி ஒருத்தி கேட்டாள்: "அண்ணா, நம்ம தெருக்கள்ல இத்தனை அம்பேத்கர் படம் இருக்கு. ஒண்ணுலயும் வரைஞ்சவங்க பேரு இல்லையே. நம்ம ஆளுங்கள்ல ஓவியர்னு பேர் சொல்ற மாதிரி யாரும் இல்லையா?"

அன்றைக்கு நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அந்தத் தங்கைக்கு நான் தர வேண்டிய பதில்தான் இந்தக் கட்டுரை.

இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் சவி சாவர்கர். பெயரைக் கேட்டு முகம் சுளிக்க வேண்டாம். இந்துத்துவம் பேசிய சாவர்க்கருக்கும் இவருக்கும் பெயர் மட்டும்தான் பொருத்தம். கொள்கையில் இருவரும் எதிரெதிர்த் திசை. இவர் மனுவையும் பேஷ்வாக்களையும் தூரிகையாலும் ஊசியாலும் கூண்டில் ஏற்றியவர்.

நாக்பூரிலிருந்து பரோடாவுக்கு

1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் அண்ணலோடு லட்சக்கணக்கான மக்கள் பௌத்தம் தழுவினார்கள். ஐந்து ஆண்டுகள் கழித்து, 1961இல், அதே நாக்பூரில் சவி பிறந்தார். இந்து மதத்தை விட்டு வெளியேறிய ஒரு சமூகத்தின் முதல் தலைமுறைக் குழந்தைகளில் ஒருவர் என்று அவரைச் சொல்லலாம். அங்கே வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த புத்தர் படமும் அம்பேத்கர் படமும் வெறும் அலங்காரம் கிடையாது. பழைய சாமி படங்களைக் கழற்றிவிட்டு மாட்டிய படங்கள் அவை.

அவர் பள்ளிச் சிறுவனாக இருந்தபோது, 1972இல், பம்பாயில் தலித் பேந்தர்ஸ் எழுந்தது. அதே ஆண்டு நாம்தேவ் தசாலின் 'கோல்பிட்டா' வெளிவந்தது. மராத்தி தலித் இலக்கியம் நாடு முழுக்கப் பேசப்பட்டது. கவிதை வந்தது, தன்வரலாறு வந்தது. ஓவியம் மட்டும் ஏன் அந்த வேகத்தில் வரவில்லை? காரணம் எளிது. கவிதைக்குப் பேனாவும் தாளும் போதும். ஓவியத்துக்குக் கல்லூரி வேண்டும், வண்ணம் வாங்கக் காசு வேண்டும், காட்சிக்கூடம் வேண்டும், வாங்குகிறவர் வேண்டும். இவை அத்தனையும் யார் கையில் இருந்தன என்று நான் சொல்லத் தேவையில்லை.

சவி நாக்பூரில் ஓவியப் பட்டம் முடித்து, பரோடா மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் அச்சு ஓவியத்தில் முதுகலை படித்தார். 1950இல் தொடங்கிய அந்த நுண்கலைத் துறை நாட்டின் முதன்மையான கலைப் பள்ளிகளில் ஒன்று. இதே பரோடாவில்தான், வெளிநாட்டில் படித்துத் திரும்பி சமஸ்தான வேலைக்கு வந்த அண்ணலுக்குத் தங்க ஒரு அறை கிடைக்கவில்லை. அந்த ஊரில் ஒரு தலித் மாணவர் கலை படித்து வெளியேறியதும் வரலாறுதான். பின்னர் சவி டெல்லி கலைக் கல்லூரியில் ஆசிரியரானார்.

அமிலம் தின்னும் கோடு

எட்சிங் என்னும் அச்சுமுறை அவருடைய முக்கியமான ஊடகம். சேலத்துக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைகளில் நைட்ரிக் அமிலத்தைப் பார்த்திருப்பீர்கள். அதே அமிலம்தான். துத்தநாகத் தகட்டின் மேல் மெழுகு கலந்த பூச்சைப் பூச வேண்டும். கூர்மையான ஊசியால் அதில் கீறி வரைய வேண்டும். தகட்டை அமிலத்தில் இறக்கினால், கீறிய இடத்தை மட்டும் அமிலம் தின்னும். பிறகு அந்தப் பள்ளங்களில் மையைத் தேய்த்து, ஈரத் தாளை வைத்து, உருளை அச்சில் அழுத்தினால் படம் கிடைக்கும். ஒரே தகட்டிலிருந்து பல பிரதிகள் எடுக்கலாம்.

அந்தத் தகட்டில் அவர் கீறியது என்ன? பேஷ்வா ஆட்சியில் பூனா நகரத்துக்குள் வர வேண்டுமானால், தீண்டப்படாதவர் எச்சில் தரையில் விழாதபடி கழுத்தில் ஒரு கலயம் கட்டிக்கொள்ள வேண்டும். தன் காலடித் தடத்தைத் தானே அழித்துக்கொண்டு போக, இடுப்பில் துடைப்பம் கட்டிக்கொள்ள வேண்டும். 1936இல் 'சாதி ஒழிப்பு' நூலில் அண்ணல் இதை எழுதுகிறார். அதற்கும் முன்னால், 1855இல், ஃபுலே தம்பதியரின் பள்ளியில் படித்த 14 வயது மாங் சிறுமி முக்தாபாய், பேஷ்வா காலத்தில் தன் மக்கள் பட்ட கொடுமைகளைக் கட்டுரையாக எழுதி, அது 'ஞானோதயா' இதழில் அச்சேறியது.

எழுத்தில் சாட்சி இருந்தது, படத்தில் இல்லை. பேஷ்வாக்களுக்கு உருவப்படங்கள் உண்டு, அரண்மனைகளுக்கு ஓவியங்கள் உண்டு. கலயம் கட்டிய மனிதனை அவர்களுடைய ஓவியன் ஏன் வரையப்போகிறான்? அந்த மனிதனைச் சவி திரும்பத் திரும்ப வரைந்தார், அச்செடுத்தார். காலடித் தடத்தைக்கூட விட்டுவைக்கக் கூடாது என்று துடைப்பம் கட்டப்பட்டவனுக்கு, உலோகத்தில் அமிலத்தால் தடம் பதித்துக் கொடுத்தார். நான் அவருடைய கலைவாழ்வைப் புரிந்துகொள்வது இப்படித்தான்.

கடவுளின் பெயரால் பொட்டுக்கட்டப்பட்ட பெண்களை, தேவதாசிகளை, அவர் நிறைய வரைந்திருக்கிறார். சௌந்தத்தி எல்லம்மா கோயிலை ஒட்டிய அந்த வழக்கத்துக்குப் பலியானவர்களில் பெரும்பாலோர் தலித் பெண்கள். பிறர் 'மரபு' என்று கொண்டாடும் இடத்தில் அவர் சுரண்டலைக் காட்டினார். புத்தரும் அம்பேத்கரும் அவர் படங்களில் வந்துகொண்டே இருக்கிறார்கள்.

அச்சு யார் கையில்?

1894இல் ரவி வர்மா பம்பாயில் அச்சகம் தொடங்கினார். லட்சுமியும் சரஸ்வதியும் மேல்சாதிப் பெண்களின் சாயலில் மலிவுப் படங்களாக வீடு வீடாகப் போனார்கள். இன்று சிவகாசி காலண்டர் வரை அந்த முகம்தான். ஒரு நாட்டின் கண்ணைப் பழக்கும் வலிமை அச்சுக்கு உண்டு.

அதை எதிர்த்திசையில் பயன்படுத்தியவர்களும் உண்டு. ஜெர்மனியில் கேத்தே கோல்விட்ஸ் நெசவாளர் எழுச்சியையும் விவசாயிகள் போரையும் அச்சு வரிசைகளாகப் படைத்தார். மெக்சிகோவில் 1937இல் மக்கள் அச்சுப் பட்டறை ஒன்று உருவானது. அடிமைகளாக இருந்தவர்களின் பேத்தியான எலிசபெத் கேட்லெட் அமெரிக்காவிலிருந்து அங்கே போய்ச் சேர்ந்து, கறுப்பினப் பெண்களின் முகங்களை லினோ தாளில் செதுக்கினார். 1943 வங்கப் பஞ்சத்தை வரைந்த சித்தப்பிரசாத், பட்டாச்சார்யா என்ற தன் சாதிப் பெயரைத் தூக்கி எறிந்தவர். அவருடைய பஞ்சப் புத்தகத்தை வெள்ளை அரசு பறிமுதல் செய்து அழித்தது. படத்துக்கு அவர்கள் எவ்வளவு பயந்தார்கள் என்று பாருங்கள்.

தமிழ் மண்ணில் நமக்கு அச்சின் அருமை நன்றாகத் தெரியும். 1893இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' இதழைத் தொடங்கினார். 1907இல் அயோத்திதாசப் பண்டிதர் தொடங்கிய இதழ் பின்னர் 'தமிழன்' ஆனது. எழுத்தை நாம் கைப்பற்றி நூறாண்டுக்கு மேல் ஆகிறது. படத்தை இன்னும் முழுதாகக் கைப்பற்றவில்லை.

ஒரு நியாயமான கேள்வி

"அவமானத்தையே திரும்பத் திரும்ப வரைந்தால், அதுவும் நமக்கு இன்னொரு அவமானம் ஆகாதா?" என்று தோழர்கள் சிலர் கேட்கிறார்கள். அதைத் தள்ளிவிட முடியாது. வலியை மட்டும் எதிர்பார்த்து, அதை வாங்கி வரவேற்பறையில் மாட்டிக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். நம் வாழ்க்கையில் பறை இருக்கிறது, திருவிழா இருக்கிறது, காதல் இருக்கிறது. அவற்றையும் வரைய வேண்டும்.

ஆனால் ஒன்றை யோசியுங்கள். "அதெல்லாம் அந்தக் காலம், யாரும் அப்படிச் செய்யவில்லை" என்று மறுக்கிறவர்கள் இருக்கும்வரை சாட்சியமும் தேவைப்படுகிறது. இரங்கச் சொல்லி வரைவது வேறு, குற்றம் சாட்டி வரைவது வேறு. சவியின் படங்களில் கலயம் கட்டியவன் மட்டும் இல்லை. அதைக் கட்டிவிட்ட மனுவும் புரோகிதனும் இருக்கிறார்கள். குற்றவாளியையும் சேர்த்துக் காட்டுவதால்தான் அவை இரக்கப் படங்களாக முடிந்துவிடவில்லை.

2012இல் கேரி தார்தாகோவ் தொகுத்து ஆக்ஸ்ஃபோர்டு வெளியிட்ட தலித் கலை பற்றிய ஆங்கில நூலில் சவியின் படைப்புகளுக்கு முக்கிய இடம் உண்டு. கல்லூரி நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் வாங்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள்.

நம் சமவெளியை யார் வரைவது?

கிணற்றில் மோட்டார் வருவதற்கு முன்னால் சேலம், நாமக்கல் காடு கழனியெல்லாம் கவலை ஏற்றத்தில்தான் விளைந்தது. அந்தச் சாலுக்குத் தோல் தைத்துக் கொடுத்தவர்கள் அருந்ததிய மக்கள். அந்தத் தோல் கிழிந்தால் அன்றைக்குத் தண்ணீர் இல்லை. இந்த மண்ணின் விவசாய வரலாற்றில் அந்தக் கைகளின் படம் எங்கே இருக்கிறது? டீக்கடையில் நம் தாத்தாவுக்கு நீட்டப்பட்ட கொட்டாங்குச்சியின் படம் எங்கே? ஊர்த்தெருவில் கையில் தூக்கிக்கொண்டு நடந்த செருப்பின் படம் எங்கே?

எட்சிங் அச்சு இல்லையே என்று காத்திருக்க வேண்டாம். ஒரு லினோ தாள், செதுக்க ஓர் உளி, கொஞ்சம் மை. அழுத்தித் தேய்க்க வீட்டிலிருக்கும் கரண்டியின் முதுகு போதும். பாட்டியிடம் கேளுங்கள், கேட்டதைச் செதுக்குங்கள், நூறு பிரதி எடுத்து ஏப்ரல் மாதம் ஒவ்வொரு காலனியிலும் ஒட்டுங்கள்.

மறக்காமல் கீழே உங்கள் பெயரை எழுதுங்கள். ராசிபுரம் பக்கத்து அந்தச் சுவரில் படம் வரைந்த அண்ணனிடமும் சொல்லியிருக்கிறேன். அடுத்த வருடம் அவரும் எழுதுவதாகச் சொன்னார்.

ஜெய்பீம்.