கரைந்த மலை, கட்டிய மலை

ஷிங்பிங் படித்துறையில் நின்ற எல்லோர் கையிலும் ஒரு 20 யுவான் நோட்டு இருந்தது. நோட்டின் பின்பக்கம் லீ ஆற்று மலைகள் அச்சாகியிருக்கின்றன. அதை எதிரே நிற்கும் அசல் மலைகளோடு பொருத்திப் படம் எடுப்பது அங்கே ஒரு சடங்கு. என் ஒன்பது வயது மகளும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு நோட்டை மேலும் கீழும் நகர்த்தினாள். "சரியா இருக்குப்பா" என்றாள். ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். "அடுத்து எங்க?"

மூன்றாம் நாள், லோங்ஜி படிவயல்களில், அதே பெண்ணை வரப்பைவிட்டு நகர்த்த முடியவில்லை.

தென்சீனத்தின் குவாங்சியில், குய்லின் நகரைச் சுற்றிய நாட்டுப்புறம்தான் இரண்டும். ஆறு, நகரிலிருந்து தெற்கே யாங்ஷுவோ வரை 83 கிலோமீட்டர் ஓடுகிறது. வயல்கள் வடமேற்கே லோங்ஷெங் மலைகளில். பேருந்தில் இரண்டரை மணி நேரம் ஆனது. பயண ஏற்பாட்டாளர்கள் இரண்டையும் ஒரே கட்டாகத்தான் விற்கிறார்கள், நாமும் அப்படியே வாங்கிவிடுகிறோம்.

லீ ஆற்று மலைகள் சுண்ணாம்புக்கல். 35 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு அங்கே கடல். அதன் அடியில் படிந்தது பின்னால் நிலமாக உயர, மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவை வாங்கி மெல்லிய அமிலமாகிக் கல்லை அரித்தது. கரையாமல் நின்றவைதான் இந்தக் குன்றுகள். அடிவாரம் ஒட்டிக் கூட்டமாக நிற்பவற்றை ஃபெங்சொங் என்றும், சமவெளியில் தனித்தனியே முளைத்தாற்போல் நிற்பவற்றை ஃபெங்லின் என்றும் சீனர்கள் பிரித்துச் சொல்கிறார்கள். தென்சீனக் கார்ஸ்ட் என்ற பெயரில் யுனெஸ்கோ வைத்திருக்கும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் குய்லின் 2014இல் சேர்ந்தது. படகின் மேல்தளத்தில் இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். "அப்போ மலைன்னா மிச்சமா?" என்றாள். ஆமாம், மிச்சம்தான். (படகில் கொடுத்த மதியச் சாப்பாட்டில் எதுவும் மிச்சம் வைக்காதவள் அவள் மட்டுமே.)

லோங்ஜியிலும் தண்ணீர்தான் கதை, ஆனால் தலைகீழாக. அங்கே மலையைக் கரைத்துக்கொண்டு போக வந்த தண்ணீரை மனிதர்கள் மறித்துவைத்திருக்கிறார்கள். சுவாங் மக்களும் யாவ் மக்களும் யுவான் அரசமரபுக் காலத்தில் மண்வெட்டியை எடுத்தார்கள். வேலை முடிய சிங் காலத் தொடக்கம் ஆகிவிட்டது. நானூறு ஆண்டுகள் சரிவு சரிவாக வெட்டியிருக்கிறார்கள். மிகப் பெரிய வயலே ஒரு 'மு'வைத் தாண்டாது என்பார்கள். நம் கணக்கில் அது சுமார் 16 சென்ட். சின்னவற்றைத் தவளை ஒரே தாவலில் தாண்டிவிடும். ஒரு குடியானவன் மழை விட்டதும் தன் வயல்களை எண்ணிப் பார்த்தானாம். ஒன்று குறைந்தது. திரும்பத் திரும்ப எண்ணி அலுத்து, வீட்டுக்குப் போகலாமென்று தரையில் கிடந்த வைக்கோல் மழையங்கியை எடுத்தால், காணாமல்போன வயல் அதன் அடியில் இருந்ததாம். இந்தக் கதையை மகள் நாலு முறை சொல்லச் சொன்னாள்.

நாங்கள் போனது மே மாதக் கடைசி, நடவு நேரம். வரப்பில் கையகலத்துக்கு ஒரு வாய்மடை; அதன் வழியே மேல்வயல் நிறைந்து கீழ்வயலுக்கு வழிகிறது. ஒரு பெண்மணி முழங்கால் சேற்றில் நின்றபடி, குனியாமலே, காலால் ஒரு சேற்றுக்கட்டியைத் தள்ளி மடையைப் பாதி அடைத்தார். பாயும் சத்தம் உடனே மாறியது. மகள் ஓர் இலையை மடையில் விட்டாள். அது அடுத்த வயலில் விழுந்து, தயங்கி, நீரோட்டம் பிடித்து, அதன் கீழ் மடைக்குப் போனது. ஓரத்துக் கற்படிகளில் அவளும் கூடவே இறங்கினாள். பதினோராவது வயலில் இலை நாற்றில் சிக்கிக்கொண்டது. மறுபடி மேலே ஏறி வேறு இலை. வரப்பைவிட்டு அவள் நகராத கதை இதுதான். ஆற்றில் அவளுக்குப் பார்க்க மட்டுமே இருந்தது. இங்கே பின்தொடர ஒன்று கிடைத்துவிட்டது.

குழந்தைக்குப் பிடித்ததை வைத்து இடத்தை எடைபோடக் கூடாதுதான். ஆனால் அவள் கேட்ட இன்னொரு கேள்வியை என்னால் தள்ள முடியவில்லை. யாங்ஷுவோ பக்கத்தில் மாலையில் மூங்கில் தெப்பத்தின்மேல் ஒரு முதியவர், பக்கத்தில் இரண்டு நீர்க்காகங்கள், ஏற்றிய விளக்கு. காகத்தின் தொண்டையில் கயிறு கட்டி, பெரிய மீனை விழுங்கவிடாமல் கக்கவைப்பது அந்த ஆற்றின் பழைய மீன்பிடி முறை. பெரியவர் வலையை வீசினார். புகைப்படக்காரர் ஒருவர் கை காட்டியதும் இன்னொரு முறை வீசினார். "அந்தத் தாத்தா மீனே பிடிக்கலையேப்பா?" அவர் மீன் பிடிக்க வரவில்லை, அந்தத் தோற்றத்துக்குத்தான் கூலி. அதில் இழிவு ஒன்றுமில்லை, ராத்திரி முழுக்க ஆற்றில் நனைவதைவிட நல்ல வருமானமாகக்கூட இருக்கலாம். ஆனால் நாளை அவர் வராவிட்டாலும் மலைகள் அப்படியேதான் நிற்கும்.

லோங்ஜியில் அப்படி இல்லை. சேறு குழப்பிய களிமண் அடுக்குதான் அங்கே தண்ணீரைத் தாங்குகிறது. உழாமல் விட்டால் அது காய்ந்து வெடிக்கும். வெடிப்பில் மழை இறங்கினால் வரப்பு சரியும். மேல்வரப்பு சரிந்தால் கீழுள்ளதையும் இழுத்துக்கொண்டு போகும். இளைஞர்களோ குவாங்டோங் தொழிற்சாலைகளுக்குப் போய்விடுகிறார்கள். இந்தச் சிக்கலுக்கு தாஜாய் கிராமத்தில் நேரடியான வழி ஒன்று வைத்திருக்கிறார்கள்: நுழைவுச்சீட்டு வருமானத்தில் ஒரு பங்கு, வயலை உழுது நடுகிற குடும்பங்களுக்குப் போகிறது. 2018இல் உணவு வேளாண் அமைப்பு இந்த வயல்களை வேளாண் பாரம்பரியமாக ஏற்றதும், 2022இல் உலகச் சுற்றுலா அமைப்பு தாஜாயைச் சிறந்த சுற்றுலாக் கிராமங்களில் ஒன்றாக அறிவித்ததும் பெருமைக்குரியவைதாம். எனக்கென்னவோ அந்தப் பங்குப் பணம்தான் பெரிய செய்தி. ஆற்றங்கரையில் வேடிக்கை பார்ப்பவரின் காசு வலையை வேடிக்கைப் பொருளாக்கியது. இங்கே அதே காசு ஏரை ஓட்டுகிறது.

ஆற்றை மனிதர் உதவியே வேண்டாத இயற்கை என்று எழுதிவிடவும் முடியாது. 1973இல் குய்லினுக்கு வந்த டெங் சியாவோபிங் லீ ஆற்றின் அழுக்கைக் கண்டு கடிந்துகொண்டார். பிற்பாடு கரையோரத் தொழிற்சாலைகள் பல மூடப்பட்டன. மழை குறைந்த குளிர்மாதங்களில் படகு தரை தட்டாமலிருக்க மேலே உள்ள அணைகளிலிருந்து தண்ணீர் திறந்துவிடுகிறார்கள். மலை தானாக நிற்கும், ஆறு தானாக ஓடுவதில்லை. லோங்ஜியிலும் எல்லாம் ஒழுங்கு என்றில்லை: வயலுக்கு இறங்க வேண்டிய ஊற்றுநீரில் தங்கும் விடுதிகளும் பங்கு கேட்கின்றன. எங்கள் அறைக் குழாயில் வந்ததும் அந்தத் தண்ணீர்தானே.

இறங்கும் நாளில் எங்கள் பெட்டியை ஒரு சிவப்பு யாவ் அம்மா முதுகுக்கூடையில் வைத்துச் சுமந்துவந்தார். வயது அறுபதுக்கு மேல். சுருட்டிக் கட்டிய கூந்தலின் முன்னால் ஒரு கொண்டை: பிள்ளை பெற்றவர் என்று அர்த்தம். பதினெட்டு வயதில் ஒரே ஒருமுறை வெட்டி, அந்த முடியையும் பத்திரப்படுத்திப் பின்னால் சேர்த்துக் கட்டிக்கொள்வார்கள் என்று சொன்னதிலிருந்து மகள் கீழே பார்க்காமல் நடந்தாள். இரண்டு முறை தடுக்கி விழுந்தாள்.

வண்டி நிறுத்தத்தில் கூலிக்காக இரண்டு 20 யுவான் நோட்டுகளை நீட்டினேன். அந்த அம்மா தலையை ஆட்டிவிட்டு, கூடை விளிம்பில் தொங்கிய கியூஆர் அட்டையைத் திருப்பிக் காட்டினார். போனில் கட்டினேன். நோட்டு ஒன்றை மகள் வாங்கிப் பின்பக்கத்தைப் பார்த்தாள்.

"இதுல அந்தத் தெப்பக்காரத் தாத்தாகூட இருக்காருப்பா. அன்னிக்கு நான் பாக்கவே இல்ல."