சிதறியவற்றைச் சேர்த்த கரம்

பல்லியக் குழுவில் ஓசை எழுப்பாத ஒரே மனிதர் அதனை நடத்துபவரே. வயலினும் குழலும் பிறர் கரங்களில் இருக்க, அவர் கையில் இருப்பது சிறு கோல் ஒன்றே. பிறரைக் கொண்டே தம் பணியை நிறைவேற்ற வேண்டிய ஒருவர், தமக்கென எதைத் தேடுவார்? இங்கிலாந்தின் புகழ்மிகு இசை நடத்துநர் சர் ஜான் பார்பிரோலியின் வாழ்வு இவ்வினாவுக்கு நல்லதொரு விடை பகர்கின்றது.

அவர் 1899 டிசம்பர் 2-ஆம் நாள் லண்டனில் பிறந்தார். தந்தை இத்தாலியர், தாய் பிரெஞ்சுப் பெண்மணி. பெற்றோர் இட்ட பெயர் ஜொவான்னி பத்திஸ்தா. அதாவது, திருமுழுக்கு யோவான். தந்தையும் பாட்டனாரும் மிலான் நகரின் லா ஸ்காலா அரங்கில் வயலின் வாசித்தவர்கள். இவரோ செல்லோ என்னும் பெருநரம்பிசைக் கருவியைக் கற்றார். 1919-இல் எட்வர்ட் எல்கரின் செல்லோ இசைப்படைப்பு முதன்முறை அரங்கேறியபோது, லண்டன் சிம்பொனி குழுவின் கலைஞருள் ஒருவராய் அமர்ந்திருந்தார். போதிய ஒத்திகையின்றி அந்நாள் தோல்வியில் முடிந்தது.

பின்னர் நடத்துநராக உயர்ந்த பார்பிரோலி, 1936-இல் மாமேதை டாஸ்கனினிக்குப் பின் நியூயார்க் பில்ஹார்மோனிக் குழுவின் பொறுப்பை ஏற்றார். முன்னவரோடு ஒப்பிட்டுப் பத்திரிகைகள் அவரைக் கடுமையாகச் சாடின. ஆயினும் அது உலகின் உயர்ந்த இசைப் பீடங்களுள் ஒன்று.

1943-இல், உலகப் போரின் நடுவே, மான்செஸ்டர் நகரின் ஹாலே இசைக்குழு அவரை அழைத்தது. 1858-இல் தோன்றிய அக்குழு அப்போது ஏறத்தாழ முப்பது பேராய்க் குறுகியிருந்தது. இளைஞர் பலர் போர்முனைக்குச் சென்றிருந்தனர். குழுவின் இல்லமாகிய ஃப்ரீ டிரேட் அரங்கமும் 1940-இல் குண்டுவீச்சில் அழிந்திருந்தது.

பார்பிரோலி குறை கூறிக் காலம் கடத்தவில்லை. ஒரு மாதத்திற்குள் நாள்தோறும் புதியவர்களின் வாசிப்பைக் கேட்டுத் தேர்ந்தெடுத்தார். பள்ளி மாணவன் ஒருவன் முதல் புல்லாங்குழல் வாசித்தான்; ஆசிரியை ஒருவர் கொம்பு இசைத்தார்; ஊர்ப் பித்தளை வாத்தியக் குழுக்களிலிருந்தும் ஆள் வந்தனர். எங்கே பயின்றாய் என்பதன்று, உன்னால் இயலுமா என்பதே அவர் நோக்கிய அளவுகோல். அவ்வாண்டு ஜூலை மாதத்திலேயே புதிய குழு மேடையேறியது. சர்க்கஸ் நடந்த கூடத்திலும் இசைத்தார்கள். 1951-இல் ஃப்ரீ டிரேட் அரங்கம் மீண்டும் எழும்வரை காத்திருந்தார்கள்.

குழு தழைத்தபின், பெரும் பதவியும் மிகுந்த ஊதியமும் அவரைத் தேடி வந்தன. அவர் மான்செஸ்டரை விட்டுப் பிரியவில்லை. இருபத்தைந்து ஆண்டுகள் அக்குழுவின் தலைமை நடத்துநராகவே நீடித்தார். கட்டியெழுப்புவதற்குத் துணிவு போதும்; கட்டியதோடு தங்கியிருப்பதற்கோ அன்பு வேண்டும்.

கர்தினால் நியூமனின் கவிதைக்கு எல்கர் இசையமைத்த 'ஜெரோன்டியுஸின் கனவு' அவர் நெஞ்சுக்கு நெருக்கமானது. மரணப் படுக்கையில் கிடக்கும் முதியவரின் ஆன்மா, இறைத் தீர்ப்பைச் சந்தித்து உத்தரிக்கிற ஸ்தலத்தை அடைவதே அதன் பொருள். அதன் கத்தோலிக்கச் சொற்களுக்காக ஆங்கிலிக்கப் பேராலயங்கள் சில தொடக்கத்தில் தயங்கியதுண்டு. 1964-இல் பார்பிரோலி ஹாலே குழுவோடு செய்த அதன் ஒலிப்பதிவு இன்றும் போற்றப்படுகின்றது. நியூமனும் 2019-இல் புனிதராக உயர்த்தப்பெற்றார்.

1965-இல் மற்றொரு நிறைவும் வாய்த்தது. அன்று தோல்வியுற்ற அதே செல்லோ படைப்பை, அதே லண்டன் சிம்பொனி குழுவோடு, ஜாக்குலின் டு பிரே என்ற இருபது வயது நங்கை வாசிக்க, பார்பிரோலி நடத்தினார். அப்பதிவு உலகெங்கும் புகழ்பெற்றது.

1970 ஜூலை 29-ஆம் நாள் அவர் மாரடைப்பால் மறைந்தார். இறுதி வாரம்வரை மேடையில் நின்றவர் அவர். 1996-இல் ஹாலே குழு குடியேறிய பிரிட்ஜ்வாட்டர் அரங்கின் முன் உள்ள சதுக்கம் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

சிறந்தோரைச் சேர்த்துச் சிறந்த குழுவை அமைப்பது எளிது. எஞ்சியவரையும் புதியவரையும் நம்பி, அவர்களுக்குள் உறங்கும் திறனுக்குக் காலமும் செவியும் தருவதே அரிது. தலைமை ஏற்கும் நாம் ஒவ்வொருவரும் எண்ண வேண்டியது இது: நமது கோல் அசைவது நம்மைக் காட்டவா, அன்றிப் பிறரை இசைக்க வைக்கவா?