பிழைத்ததையும் எழுதிவை

நாட்குறிப்பு என்றதும் தமிழ் படித்தவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருபவர் புதுச்சேரி ஆனந்தரங்கப்பிள்ளை. 1736 முதல் 1761 வரை அவர் எழுதிய குறிப்புகள் வரலாற்றுக்கும் உரைநடைக்கும் ஒருங்கே உரியவை. பொறியியலுக்கும் இத்தகைய மரபு ஒன்று உண்டு என்பதை நாம் அதிகம் எண்ணுவதில்லை.

அச்சுவேலியிலிருந்து பொறியியல் பீடத்துக்குச் சென்ற என் பழைய மாணவன் ஒருவன், கட்டுப்பாட்டுத் தொகுதி பற்றிய ஆய்வொன்றைச் செய்கிறான். நாள்தோறும் ஆய்வுக் குறிப்பேடு எழுதவேண்டுமாம். "சரிவந்ததை எழுதினால் போதாதோ சேர்? பிழைச்சதையும் ஏன் எழுதவேணும்?" என்று கேட்டான். அவனுடைய துறையின் வரலாறே இதற்கு விடை சொல்கிறது.

வீட்டுத் தண்ணீர்த் தாங்கியில் மிதவை ஒன்று உண்டு. நீர் உயர மிதவையும் உயர்ந்து வழியை அடைக்கும். நீர் குறையத் திறக்கும். விளைவே திரும்பிவந்து செயலைத் திருத்துகிறது. இதையே பின்னூட்டம் என்பர். இதனை இலத்திரனியலில் வகுத்தவர் அமெரிக்கப் பொறியியலாளர் ஹரல்ட் பிளாக். தொலைபேசிக் குரலைப் பெருக்கும் கருவியில் ஏற்பட்ட திரிபை நீக்க ஆண்டுக்கணக்கில் முயன்றவர் அவர். 1927 ஓகஸ்ட் 2ஆம் நாள் காலை, ஹட்சன் ஆற்றைக் கடக்கும் படகில் வேலைக்குப் போகையில் விடை தோன்றியது. கையிலிருந்த 'நியூயோர்க் ரைம்ஸ்' தாளிலேயே படமும் சமன்பாடும் வரைந்து, நாளிட்டு ஒப்பமிட்டார். பெல் ஆய்வுகூடத்தை அடைந்ததும் சகபாடி ஒருவரிடம் விளக்கிச் சாட்சிக் கையொப்பமும் பெற்றார். அதே ஆண்டு டிசெம்பரில் திரிபு இலட்சத்தில் ஒரு பங்காகக் குறைந்தது. ஆயினும் 1928இல் விண்ணப்பித்த காப்புரிமை 1937இல்தான் கிடைத்தது. நம்ப மறுத்த உலகத்தின் முன் நாளிட்ட அந்தத் தாள் அவர் பக்கத்துச் சாட்சியாக இருந்தது.

வென்றதை நிறுவ மட்டுமன்று, தோற்றதை அறியவும் பதிவு வேண்டும். இராமேஸ்வரத்தில் பிறந்த அப்துல் கலாம் திட்ட இயக்குநராக இருந்த எஸ்.எல்.வி.-3 ஏவுகலம், 1979 ஓகஸ்ட் 10ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவில் எழுந்து கடலில் வீழ்ந்தது. பழுதானது இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாட்டுத் தொகுதி. புறப்படுவதற்கு 8 நிமிடங்களுக்கு முன் திறந்த வால்வு ஒன்று, மாசு படிந்தமையால் மூடாமல் நின்றுவிட்டது. நைத்திரிக் அமிலம் ஒழுகிப்போக, கலத்தை நிலைநிறுத்தும் விசை இல்லாமற் போயிற்று. நிமிடத்தைச் சுட்டிக் காரணம் சொல்ல முடிந்தது பதிவுகளால் அன்றோ? அவை இல்லையேல் ஆளையாள் குறைகூறுவதே மிஞ்சியிருக்கும். 1980 யூலை 18இல் அதே வகைக் கலம் ரோகிணி செய்மதியை வானில் நிறுத்தியது.

ஆகவே, மாணவனுக்கு நான் சொன்னது இதுதான்: நாளிடு. எதை மாற்றினாய், எதை எதிர்பார்த்தாய், எது நடந்தது என்று அன்றன்றே எழுது. பிழையை ஒரு கோட்டால் வெட்டு, தாளைக் கிழிக்காதே. இயந்திரத்துக்குப் பின்னூட்டம் எப்படியோ, ஆய்வாளனுக்குக் குறிப்பேடு அப்படி. நேற்றைய விளைவு திரும்பிவந்து இன்றைய கையைத் திருத்துகிறது.

நேயர்களே, இதை நம் மண்ணில் நின்று சொல்லும்போது நெஞ்சு கனக்கிறது. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தது. 1995 ஒக்ரோபரில் வலிகாமம் வெறுமையானபோது, தூக்கிச் செல்ல முடியாத கொப்பிகள் எத்தனை வீடுகளில் கிடந்து அழிந்தனவோ! ஆசிரியர் குறிப்பு, கமக்காரர் கணக்கு, வைத்தியர் ஏடு எல்லாம் போயின. முன்னோர் எங்கே பிழைத்தார்கள் என்று அறியாத தலைமுறை, அதே பிழையைப் புதிதாகச் செய்யும். எழுதுவதோடு நின்றுவிடாமல், இன்னோரிடத்தில் ஒரு பிரதியும் வைப்போம்.