கருவில் குறைபாடு தெரிந்தால் கருக்கலைப்பு செய்யலாமா? சட்டம் சொல்வது என்ன, அறம் கேட்பது என்ன?

ஐந்தாம் மாத ஸ்கேன். திரையைப் பார்த்துக்கொண்டே இருந்த டாக்டர், "இன்னொரு தடவை பார்த்துடலாம்மா" என்கிறார். அந்த ஒரு வார்த்தையிலேயே வயிற்றைப் பிசைய ஆரம்பிக்கும். குழந்தைக்கு ஏதோ குறைபாடு என்று தெரிந்ததும் வீட்டில் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். ஆனால் முடிவெடுக்க வேண்டியது யார்? பார்க்கலாம்.

நிகேதா மேத்தா வழக்கு என்ன?

இந்தியாவில் இந்த விவாதம் சூடுபிடித்தது 2008-ல். மும்பையைச் சேர்ந்த நிகேதா மேத்தாவின் கருவுக்கு இதயத்தில் கடுமையான பிரச்சினை இருப்பது 24-வது வாரத்தில்தான் தெரிந்தது. அன்றைய சட்டப்படி 20 வாரம்தான் எல்லை. கருக்கலைப்புக்கு அனுமதி கேட்டு அவர் மும்பை உயர் நீதிமன்றம் போனார். குழந்தை கடுமையான குறைபாட்டோடு பிறக்கும் என்று மருத்துவ அறிக்கைகள் உறுதியாகச் சொல்லவில்லை என்று கூறி, நீதிமன்றம் மறுத்துவிட்டது. அடுத்த சில நாட்களிலேயே கரு தானாகக் கலைந்தது. சட்டம் மாற மேலும் 13 ஆண்டுகள் ஆனது.

இப்போது சட்டம் என்ன சொல்கிறது?

1971-ம் ஆண்டின் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் 2021-ல் திருத்தப்பட்டது. அதன்படி,

* 20 வாரம் வரை: ஒரு டாக்டரின் ஒப்புதல் போதும்.
* 20 முதல் 24 வாரம் வரை: இரண்டு டாக்டர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். குறிப்பிட்ட சில பிரிவினருக்கு மட்டுமே இது பொருந்தும். கருவில் கடுமையான குறைபாடு இருப்பதும் அதில் ஒன்று.
* 24 வாரத்துக்கு மேல்: கருவில் 'கணிசமான குறைபாடு' இருப்பதாக மருத்துவ வாரியம் உறுதி செய்ய வேண்டும். மகப்பேறு, குழந்தைகள் நலம், ஸ்கேன் நிபுணர்கள் இதில் இருப்பார்கள். விண்ணப்பித்த 3 நாட்களுக்குள் வாரியம் கருத்து சொல்லியாக வேண்டும்.

பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று. 18 வயது நிரம்பிய பெண்ணின் சம்மதம் மட்டுமே இதற்குப் போதும். கணவரின் கையெழுத்தைச் சட்டம் கேட்கவில்லை.

ஏன் இவ்வளவு தாமதமாகத் தெரிகிறது?

உறுப்புகளை விரிவாகப் பார்க்கும் அனாமலி ஸ்கேன் பொதுவாக 18 முதல் 20 வாரத்தில்தான் எடுக்கப்படும். சந்தேகம் வந்தால் பனிக்குட நீர் பரிசோதனை, அதன் முடிவுக்குக் காத்திருப்பது என்று நாட்கள் ஓடிவிடும். கிராமத்திலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு வருபவர்களுக்கு இன்னும் தாமதம்.

நீதிமன்றங்கள் ஒரே மாதிரி தீர்ப்பு சொல்கின்றனவா?

இல்லை. டவுன் சிண்ட்ரோம் உள்ள 26 வாரக் கருவைக் கலைக்க 2017-ல் உச்ச நீதிமன்றம் அனுமதி மறுத்தது. சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, 2022 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் 33 வாரக் கருவைக் கலைக்க அனுமதித்தது. 2023 ஜனவரியில் மும்பை உயர் நீதிமன்றம், மருத்துவ வாரியம் வேண்டாம் என்று சொல்லியும், முடிவெடுக்கும் உரிமை அந்தப் பெண்ணுக்கே என்றது. 'கணிசமான குறைபாடு' எது என்று சட்டம் பட்டியல் போடவில்லை என்பதே குழப்பத்துக்கு முக்கியக் காரணம்.

மாற்றுத்திறனாளிகள் ஏன் எதிர்க் கேள்வி கேட்கிறார்கள்?

பெண் குழந்தை என்பதற்காகக் கருவைக் கலைப்பது குற்றம். பாலினத்தைக் கண்டறிந்து சொல்வதையே 1994-ம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. ஆனால் அதே சட்டம், குறைபாடுகளைக் கண்டறியும் பரிசோதனையை அனுமதிக்கிறது. "அப்போ எங்களைப் போன்றவர்கள் பிறக்கவே வேண்டாமா?" என்பதுதான் அவர்கள் கேள்வி.

பார்வையற்றவரான அமெரிக்க அறவியல் அறிஞர் ஏட்ரியன் ஆஷ், கருக்கலைப்பு உரிமையை ஆதரித்தவர். ஆனால் 'இப்போது குழந்தை வேண்டாம்' என்பதும், 'இந்தக் குழந்தை வேண்டாம்' என்பதும் ஒன்றல்ல என்றார். ஒரே ஒரு குணத்தை வைத்து ஒரு முழு மனிதரை எடைபோடுகிறோம் என்பது அவரது வாதம்.

மறுபக்கமும் இருக்கிறது. பிறந்து சில மணி நேரத்தில் இறந்துவிடும் என்று தெரிந்த கருவை முழு மாதமும் சுமக்கச் சொல்வது கொடுமை இல்லையா? வாழ்நாள் முழுக்கப் பராமரிக்கும் பொறுப்பு பெரும்பாலும் அம்மா தலையில்தானே விழுகிறது? உயிருக்கே வாய்ப்பில்லாத நிலையும், டவுன் சிண்ட்ரோமும் ஒன்றல்ல. இரண்டையும் 'குறைபாடு' என்ற ஒரே வார்த்தையில் அடைப்பதில்தான் சிக்கலே.

டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும்?

* இது வெறும் ஸ்கிரீனிங் முடிவா, உறுதியான பரிசோதனை முடிவா? ஸ்கிரீனிங் என்பது வாய்ப்பை மட்டுமே சொல்லும்.
* பிறந்த பிறகு சிகிச்சை உண்டா?
* இதே நிலையில் உள்ள குழந்தையின் பெற்றோரிடம் பேச முடியுமா?

ராம்ப் இல்லாத பள்ளியும், கட்ட முடியாத தெரபி செலவும் இருக்கும் ஊரில், பயத்தில் எடுக்கும் முடிவைச் சுதந்திரமான முடிவு என்று சொல்லிவிட முடியாது. அதற்காக அந்தப் பெண்ணின் உரிமையைப் பறிப்பது தீர்வாகாது. கலைத்தாலும் பெற்றாலும் அவர் தனியாக நிற்காமல் பார்த்துக்கொள்ள வேண்டியது நம் எல்லோருடைய பொறுப்பு.