பானெட் கம்பியின் வரலாறு: தாங்குவது எது, திறப்பவர் யார்?

2005இல் இந்தியச் சந்தைக்கு வந்த மாருதி ஸ்விஃப்ட் காரின் இரு முனைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தால் ஒரு வேறுபாடு புலப்படும். பின்கதவின் தாழை விடுவித்துச் சற்றே உயர்த்தினால் போதும்; கேஸ் ஸ்ட்ரட்டுகள் அதனை மேலே தூக்கி நிறுத்திவிடும். முன்னால் உள்ள பானெட்டைத் திறப்பவரோ அதனை ஒரு கையால் உயர்த்திப் பிடித்துக்கொண்டு, மறு கையால் மெல்லிய இரும்புக் கம்பியொன்றைக் கவ்வியிலிருந்து எடுத்து, பானெட்டின் அடிப்புறத் துளையில் செருக வேண்டும். ஒரே நிறுவனம், ஒரே கார், ஒரே விலை. ஒரு முனையில் வசதி, மறுமுனையில் கம்பி. நம் நாட்டில் ஓடும் பெரும்பாலான சிறிய கார்களில் இதுவே வழக்கம்.

கார் ஆர்வலர்களிடையே இது தீராத வழக்குகளுள் ஒன்று. கேஸ் ஸ்ட்ரட் இருந்தால் உயர்தரம், கம்பி இருந்தால் கஞ்சத்தனம் என்பது ஒரு தரப்பு. கம்பி ஒருபோதும் ஏமாற்றாது என்பது மறுதரப்பு. இதனை ரசனை வேறுபாடாக மட்டும் கொண்டால் முக்கியமான ஒன்று விடுபட்டுவிடும். பானெட்டை யார் திறப்பார் என்று தயாரிப்பாளர் ஒவ்வொரு காலத்திலும் எண்ணினாரோ, அந்த எண்ணத்தின் தடம் இந்தச் சிறு கருவியில் பதிந்திருக்கிறது. அத்தடத்தைப் பின்தொடர்வதே இப்பதிவின் நோக்கம்.

மொழியியல் படித்தவளாதலால் சொல்லிலிருந்து தொடங்குகிறேன். பானெட் என்பது பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்திற்கு வந்த சொல். குல்லாய் என்பது அதன் முதற்பொருள். அமெரிக்கர் அதே உறுப்பை ஹூட் என்பர். அதுவும் தலையை மூடும் முக்காடு. பிரிட்டனில் ஹூட் என்றால் திறந்த காரின் மடக்கத்தக்க துணிக்கூரை. ஜெர்மானியரின் மோட்டார்ஹாவ்பே என்பதிலும் ஹாவ்பே ஒரு தலைக்குல்லாயே. பானெட்டைத் தாங்கும் கம்பிக்குப் பிரெஞ்சில் வழங்கும் பெயர் பேக்கீ. ஊன்றுகோல் என்று பொருள். தமிழில் நமக்கு முட்டு என்னும் அருமையான சொல் இருக்கிறது. குலை தள்ளிய வாழைக்கு முட்டுக் கொடுக்கிறோம். முட்டுக்கட்டை என்பது தாங்கும் கட்டையையும் குறிக்கும், தடையையும் குறிக்கும். பானெட் கம்பியைப் பற்றிய இருவகைக் கருத்துகளும் அந்த ஒரு சொல்லுக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன.

தொடக்க காலக் கார்களில் இந்தச் சிக்கலே இல்லை. 1908 முதல் 1927 வரை தயாரிக்கப்பட்ட ஃபோர்டு மாடல் டி காரின் பானெட் நடுமுதுகில் நீளவாக்கில் கீல் கொண்டது. ஒரு பக்கத்துக் கொக்கிகளை விடுவித்து, அப்பக்கத் தகட்டை மடித்து மறுபக்கத்தின் மேல் சாய்த்துவிடலாம். பட்டாம்பூச்சியின் சிறகு போல இருபுறமும் திறக்கும் இவ்வமைப்புக்குத் தனியாக ஒரு முட்டுத் தேவைப்படவில்லை. அக்காலத்தில் எண்ணெய் அளவு பார்ப்பதும், ரேடியேட்டருக்கு நீர் ஊற்றுவதும், தீப்பொறிப் பிளக்கைத் துடைப்பதும் அன்றாட வேலைகள். ஓட்டுநரைக் குறிக்கும் ஷோஃபர் என்னும் சொல்லுக்கே கொதிகலனுக்குத் தீயிடுபவர் என்பதுதான் மூலப்பொருள். ஓட்டுபவரும் பழுது பார்ப்பவரும் பெரும்பாலும் ஒருவரே. பானெட் அவருடைய அன்றாடக் கதவு.

1930களின் நடுவில் கார்களின் முகம் மாறியது. காற்றைக் கிழித்துச் செல்லும் வளைந்த வடிவம் நாகரிகமாயிற்று. 1936ஆம் ஆண்டின் கார்டு 810, லிங்கன் செஃபர் ஆகிய கார்களில் ஒரே துண்டான பானெட், கண்ணாடிக்கு அருகே கீல் வைத்து, முன்புறம் வாய் பிளப்பது போலத் திறந்தது. அமெரிக்கர் இதற்கு முதலை பானெட் என்று பெயரிட்டனர். அழகு கூடியது, கூடவே எடையும் ஒருங்கு சேர்ந்தது. முன்பு இரண்டாகப் பிரிந்து மடிந்த தகடு இப்போது முழுவதுமாகத் தலைக்கு மேல் நிற்க வேண்டும். தாங்குவது எது என்னும் கேள்வி பரவலாக எழுந்தது இங்கேதான்.

முதலை வாய்க்கு இன்னோர் இடரும் உண்டு. ஓடும்போது தாழ் விடுபட்டால், எதிர்க்காற்று பானெட்டை மேலே தூக்கிக் கண்ணாடியின் மீது அறைந்துவிடும்; ஓட்டுநருக்கு வழி தெரியாது. எனவேதான் இத்தகைய பானெட்டுகளுக்கு இரண்டாவது தாழ் ஒன்றோ, தாழில் இரண்டாவது நிலையோ இருக்க வேண்டும் என்று அமெரிக்கா 1969 முதல் விதித்தது. உள்ளே நெம்புகோலை இழுத்த பிறகும் முன்னால் விரலை நுழைத்து மற்றொரு கொக்கியைத் தள்ளுகிறோமே, அதன் காரணம் இதுவே.

தாங்கும் கேள்விக்கு அமெரிக்கர் தந்த முதல் பெரிய விடை சுருள்வில். 1950களிலும் 60களிலும் அவர்களுடைய பெருங்கார்கள் பலவற்றில் கீலோடு சேர்ந்தே வலிய சுருள்வில்கள் இருந்தன. நம் ஊர் ஏற்றத்தின் தத்துவம்தான் இது. ஒரு முனையில் நீர்ச்சாலின் எடையை மறுமுனைப் பாரம் சரிக்கட்டுவது போல, பானெட்டின் எடையை வில்லின் விசை சரிக்கட்டுகிறது. 1976இல் வெளிவந்த மெர்சிடிஸ் டபிள்யூ 123 இத்தகைய அமைப்பின் உச்சம்; பணிமனையில் அதன் பானெட்டை ஏறத்தாழச் செங்குத்தாக நிறுத்திவிடலாம். பழுது பார்ப்பவரை மனத்தில் வைத்துச் செய்த வடிவமைப்பு அது. குறை இல்லாமலும் இல்லை. வில்லும் கீலும் கனமானவை, இடத்தை அடைப்பவை. எண்ணெயிடாமல் விட்டால் கீல் இறுகிப்போகும். இறுகிய கீலை அழுத்தி மூடினால் தகடே மடங்கும்.

வேறொரு விடை பிரிட்டனிலிருந்து வந்தது. அது சென்னைக்கும் வந்து சேர்ந்தது. 1959இல் அறிமுகமான டிரையம்ப் ஹெரால்டில் பானெட்டும் இருபுறத்து மட்கார்டுகளும் ஒரே கூடாக முன்னோக்கிச் சாயும். இக்காரை ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்னும் பெயரில் 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் தயாரித்தது. முன்முகத்தைச் சாய்த்துவிட்டால் எஞ்சினும் முன்சக்கரங்களும் முற்றிலும் வெளிப்பட்டு நிற்கும். மெக்கானிக் டயரின் மீது அமர்ந்தே வேலை பார்க்கலாம். தலைக்கு மேல் எதுவும் தொங்காது. எதிர்க்காற்று இதனைத் திறக்காது, மூடவே செய்யும். ஆயினும் இவ்வளவு பெரிய கூட்டை இடைவெளி பிசகாமல் பொருத்துவது கடினம். சிறு மோதலிலும் செலவு பெரிது. அந்த வழி பெருவழக்காகவில்லை.

பெருவழக்கானது கம்பி. 1973இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் எடையும் விலையும் குறைந்த கார்களே உலகுக்கு வேண்டியிருந்தன. 1983 டிசம்பர் 14 அன்று இந்தியாவில் முதல் மாருதி 800 வாடிக்கையாளர் கையில் சேர்ந்தது. 796 சிசி எஞ்சின், சிறிய உடல், இலேசான பானெட், அதைத் தாங்க ஒரு கம்பி. பல குடும்பங்கள் எஞ்சின் என்பதை முதன்முதலாகப் பார்த்தது அந்தக் கம்பியின் கீழே நின்றுதான்.

கம்பியின் வலிமை அதன் எளிமையில் இருக்கிறது. 16 கிலோ எடையும் ஒரு மீட்டர் நீளமும் கொண்ட பானெட் ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். அதன் எடைமையம் நடுவில் இருப்பதாகக் கொண்டால், முன்விளிம்பருகே முட்டுக் கொடுக்கும் கம்பி ஏறத்தாழ 8 கிலோவைத் தாங்கினால் போதும். கீலிலிருந்து 25 சென்டிமீட்டர் தொலைவில் பொருத்தப்படும் ஸ்ட்ரட்டோ, நேர்செங்குத்தாகத் தள்ளினாலும் 32 கிலோ விசை தர வேண்டும். சாய்வாகத் தள்ளுவதால் உண்மையில் இன்னும் மிகுதி. அந்த விசையைத் தாங்கும்படி கீலையும் உட்புறச் சட்டத்தையும் வலுப்படுத்த வேண்டும். ஸ்ட்ரட்டின் செலவு ஸ்ட்ரட்டோடு முடிவதில்லை.

கேஸ் ஸ்ட்ரட் ஜெர்மனியின் கோப்லென்ஸ் நகரத்து ஸ்டாபிலஸ் நிறுவனத்தால் 1962 முதல் பெருமளவில் தயாரிக்கப்பட்டது. அலுவலக நாற்காலியை உயர்த்தும் உருளையும் இதே இனம். மூடிய குழாயினுள் உயரழுத்த நைட்ரஜன், சிறிது எண்ணெய், நடுவே ஒரு தண்டு. வாயு தண்டை வெளியே தள்ளுகிறது. எண்ணெய் அதன் வேகத்தைத் தணிக்கிறது, முத்திரை வளையத்தையும் உலராமல் காக்கிறது. பின்கதவு மேல்நோக்கித் திறக்கும் ஹாட்ச்பேக் கார்கள் பெருகியபோது இக்கருவியும் பெருகியது. இரு கைகளும் விடுபடுகின்றன. துளையைத் தேட வேண்டியதில்லை. பலத்த காற்றில் கம்பி நழுவும் அச்சமும் இல்லை.

ஆனால் வாயுவுக்கு ஆயுள் உண்டு. முத்திரை தேயத் தேய அழுத்தம் ஆண்டுக்கணக்கில் மெல்லக் கசிகிறது. வெப்பநிலைக்கேற்பவும் விசை மாறுகிறது: தில்லியின் 5 டிகிரிக் குளிர்காலைக்கும் 45 டிகிரிக் கோடை நண்பகலுக்கும் இடையே ஏறத்தாழ 14 விழுக்காடு வேறுபாடு. ஆகவே கோடையில் நின்ற பானெட் குளிர்காலத்தில் திடீரெனத் தலையில் இறங்கலாம். கம்பி நின்றால் நிற்கும், நழுவினால் நழுவும். அதன் நிலையைக் கண்ணால் பார்த்தே அறியலாம். ஸ்ட்ரட் எந்த நாளில் நம்மைக் கைவிடும் என்பது வெளியிலிருந்து தெரியாது.

இப்போது முதலில் சொன்ன முரணுக்கு வருவோம். பின்கதவை உரிமையாளர் நாள்தோறும் திறக்கிறார். பானெட்டை அவர் ஆண்டில் சில முறையே திறக்கிறார். எனவே வசதி பின்னால் போனதில் கணக்குப் பிழை இல்லை. ஆனால் அந்தக் கணக்கில் மெக்கானிக் இல்லை. நாளொன்றுக்குப் பத்துப் பானெட்டுகளைத் திறப்பவர் அவர். காரை வாங்குபவர் அவரல்லர்.

அப்படியானால் மெக்கானிக்குகள் ஸ்ட்ரட்டைத்தானே விரும்ப வேண்டும்? தில்லியில் நான் குடியிருக்கும் பகுதியின் தெருவோரப் பணிமனைகளில் கண்டது வேறு. ஸ்ட்ரட் உள்ள பழைய கார் வந்தால், முதலில் ஒரு மரக்கட்டையை முட்டுக் கொடுத்துவிட்டே குனிகிறார்கள். சிலர் ஸ்ட்ரட்டின் தண்டிலேயே பூட்டுக் குறடு ஒன்றைக் கவ்வ வைக்கிறார்கள். இது பழமைவாதம் அன்று. உத்தரவாதக் காலத்தில் நிறுவனப் பணிமனைக்குப் போகும் கார் புது ஸ்ட்ரட்டுடன் போகிறது. அதே கார் இரண்டாம், மூன்றாம் உரிமையாளரிடம் வந்து தெருவோரப் பணிமனையை அடையும்போது ஸ்ட்ரட்டின் ஆயுள் முடிந்திருக்கிறது. வசதி முதல் உரிமையாளருக்கு, அது இற்றுப்போன பின் வரும் இடர் கடைசி மெக்கானிக்கின் தலைக்கு. ஒருவருடைய விருப்பத்தேர்வு, அவர் அந்தக் காரை அதன் வாழ்நாளின் எந்தப் பருவத்தில் சந்திக்கிறார் என்பதைப் பொறுத்தது.

வரலாற்றின் அண்மைய பக்கம் இன்னும் கவனத்துக்குரியது. 1999இல் வந்த ஆவ்டி ஏ2 காரின் பானெட்டுக்குக் கீலே இல்லை. முன்முகத்தில் உள்ள சிறு மடிப்புக் கதவின் வழியே எண்ணெயும் கண்ணாடி கழுவும் நீரும் ஊற்றலாம். எஞ்சினைப் பார்க்க வேண்டுமானால் பானெட்டை முழுவதுமாகக் கழற்றித் தனியே வைக்க வேண்டும். 2021இல் வந்த மெர்சிடிஸ் ஈக்யூஎஸ் என்னும் மின்காரில் பானெட் பணிமனையாளருக்கு மட்டுமே உரியது. உரிமையாளர் திறப்பதற்கென்று அமைக்கப்படவில்லை. கம்பியா ஸ்ட்ரட்டா என்ற வழக்கே அங்கு உரிமையாளருக்கு இல்லாமல் போயிற்று. ஒரு காலத்தில் ஓட்டுநரின் அன்றாடக் கதவாக இருந்தது, பிறகு மெக்கானிக்கின் கதவாகி, இப்போது வெறும் சுவராகிக்கொண்டிருக்கிறது.

என் விருப்பம் எதுவென்று கேட்டால், பல கைகள் மாறிப் பல ஆண்டுகள் ஓடும் நம் நாட்டுக் கார்களுக்குக் கம்பியே பொருத்தம் என்பேன். ஸ்ட்ரட் வைப்பவர்கள் அருகில் ஒரு கம்பியையும் வைத்தால் இன்னும் நன்று. அதற்கு ஆகும் செலவு மிகச் சிறிது. ஸ்ட்ரட் உள்ள கார் வைத்திருப்போர், பானெட்டைப் பாதி உயரத்திலும் முழு உயரத்திலும் நிறுத்திப் பார்த்து, அது தானே இறங்கினால் உடனே மாற்றிவிடுங்கள். கழற்றிய பழைய ஸ்ட்ரட்டைத் துளையிடவோ தீயில் எறியவோ வேண்டாம். உள்ளே அழுத்தம் எஞ்சியிருக்கும். கம்பி உள்ளவர்கள் அதற்கென்று அமைத்த துளையில்தான் அது அமர்ந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே கையை எடுங்கள். பழுது பார்க்க விடும்போது, ஸ்ட்ரட் தளர்ந்திருந்தால் மெக்கானிக் குனிவதற்கு முன்பே அவரிடம் சொல்லிவிடுங்கள்.

இந்தக் கம்பிக்கு உங்கள் ஊர்ப் பணிமனைகளில் வழங்கும் பெயர் என்ன? அறிந்தோர் ஊர்ப்பெயருடன் பின்னூட்டத்தில் எழுதினால் மகிழ்வேன். அகராதிகள் தொகுக்கத் தவறிய சொற்கள் பெரும்பாலும் இத்தகைய பணிமனைகளில்தான் உயிரோடு இருக்கின்றன.