வேதக்காரர்களின் தமிழ்

திருநெல்வேலிச் சீமையின் கிராமங்களில் கிறிஸ்தவர்களை ‘வேதக்காரர்கள்’ என்று சொல்லும் வழக்கம் உண்டு. அவர்களுடைய ஆலயம் ‘வேதக்கோயில்’. கிறிஸ்தவராவதை ‘வேதத்தில் சேர்தல்’ என்பார்கள். இச்சொற்களை நாம் அதிகம் யோசிக்காமலே கடந்துவிடுகிறோம். ஒரு சமூகத்தை அதன் கடவுளின் பெயராலோ சின்னத்தாலோ குறிக்காமல், அது கையில் வைத்திருக்கும் நூலால் குறிப்பது சாதாரண விஷயமல்ல. அந்த நூலைப் படிக்கத் தெரியாதவர்களே தொடக்கத்தில் அச்சமூகத்தின் மிகப் பெரும்பான்மையினர் என்பதை நினைத்துப் பார்த்தால் இப்பெயரின் விசித்திரம் இன்னும் கூடுகிறது.

தாமிரபரணிக் கரைக்குத் தமிழில் வேதம் என்பது புதிய கருத்தாக இருந்திருக்க முடியாது. ஆழ்வார்திருநகரியில் பிறந்த நம்மாழ்வாரின் திருவாய்மொழியை வைணவம் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே திராவிட வேதம் என்று ஏற்றுக்கொண்டிருந்தது. மறை என்பது மக்கள் பேசும் மொழியிலும் இருக்கலாம், அதை ஓதலாம், உருகிப் பாடலாம், அதற்கு உரை செய்யலாம் என்பது இம்மண்ணில் நிலைபெற்ற எண்ணம். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கு வந்து சேர்ந்த தமிழ் பைபிள் விழுந்தது இப்படிப் பண்பட்ட நிலத்தில்தான். ஆனால் அதன் தமிழ் எத்தகைய தமிழாக இருக்க வேண்டும், அதைத் திருத்தும் உரிமை யாருக்கு உண்டு என்ற கேள்விகள் எழுந்தபோது பெரும் சச்சரவு உண்டாயிற்று. மொழிபெயர்ப்பைப் பற்றிய பூசலாகவே அது வெளியில் தெரிந்தது. உள்ளே ஓடியவை வேறு பல.

காதால் பெற்ற வேதம்

இப்பகுதியின் புராட்டஸ்டண்ட் சபை வரலாறு ஒரு பெண்ணிலிருந்து தொடங்குகிறது. தஞ்சாவூரைச் சேர்ந்த பிராமண விதவையான குளோரிந்தாவுக்கு 1778இல் பாளையங்கோட்டையில் ஸ்வார்ட்ஸ் ஐயர் ஞானஸ்நானம் கொடுத்தார். 1780இல் எழுதப்பட்ட சபைப் பதிவேட்டில் நாற்பது பெயர்கள் இருந்தன. குளோரிந்தாவின் முயற்சியில் எழுந்த சிறு ஆலயம் 1785இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. பின்னர் வந்த சத்தியநாதனும் டேவிட் சுந்தரானந்தமும் தெற்கே தேரிக்காட்டுப் பனைவிளைகளுக்குள் சென்றார்கள். 1799இல் முதலூர் உருவாயிற்று. நாசரேத், மெய்ஞ்ஞானபுரம், சாயர்புரம், கிறிஸ்தியானகரம் என்று பின்னாளில் பெருகிய ஊர்ப்பெயர்களில் பலவற்றை பைபிளையும் சபையையும் அறியாமல் விளங்கிக்கொள்ள இயலாது.

இந்த ஊர்களில் வேதம் புத்தகமாக வரவில்லை. உபதேசியாரின் குரலாக வந்தது. விடியலிலும் அந்தியிலும் ஆலயமணி அடிக்கும். பனையேறிவிட்டு வந்தவர்களும் கருப்பட்டி காய்ச்சி முடித்த பெண்களும் தரையில் அமர்வார்கள். உபதேசியார் ஒரு வாக்கியத்தைச் சொல்வார், சபை அதைத் திருப்பிச் சொல்லும். கர்த்தருடைய ஜெபம், விசுவாசப் பிரமாணம், பத்துக் கட்டளைகள் ஆகிய மூன்றும் இப்படித்தான் மனத்தில் ஏறின. பிரசங்கத்தின் நடுவே போதகர் கேள்வி கேட்பதும் சபையார் ஒரே குரலில் விடை சொல்வதும் வழக்கம். கால்டுவெல் தமது எழுத்துக்களில் இம்முறையை விரிவாகவே விவரித்திருக்கிறார். கூடிவந்த உபதேசியார்கள் பிரசங்கத்தை ஓலையில் எழுத்தாணியால் குறித்துக்கொண்டதை அக்கால மிஷனரிக் குறிப்புகள் கூறுகின்றன. பாளையங்கோட்டையில் ஓலையில் ஏறிய சொல், மாலைக்குள் ஏதோ ஒரு பனையோலைக் கூரையின்கீழ் மீண்டும் குரலாகிவிடும்.

இப்படிப் பெற்ற ஒரு வாக்கியத்தை அதைப் பெற்றவர் எளிதில் விடமாட்டார். அதன் பொருளைவிட ஒலியே அவருக்கு முதலில் சொந்தமாகிறது. மரணப் படுக்கையிலும் கொள்ளைநோய்க் காலத்திலும் அவர் பற்றிக்கொள்வது அந்த ஒலியைத்தான். இதை மனத்தில் கொண்டால்தான் பின்வந்த சண்டையின் உக்கிரம் புரியும்.

இரேனியஸின் திருத்தம்

தமிழில் புதிய ஏற்பாடு தரங்கம்பாடியில் சீகன்பால்குவின் முயற்சியால் 1714, 1715ஆம் ஆண்டுகளில் அச்சேறியது. அதன்பின் பெரும் செல்வாக்குப் பெற்றது பப்ரீஷியஸின் மொழிபெயர்ப்பு. 1772இல் புதிய ஏற்பாடும், அவர் மறைந்த பின் 1796இல் பழைய ஏற்பாட்டின் நிறைவுப் பகுதியும் வெளிவந்தன. மூலத்துக்கு மிகவும் நெருக்கமானது. பக்தி மணம் நிறைந்தது. தமிழ் வாக்கிய அமைப்பை வளைத்தும் முறித்தும் செல்வது.

1814இல் சென்னைக்கு வந்து 1820இல் பாளையங்கோட்டையில் குடியேறிய ஜெர்மானியரான இரேனியஸ் இதை வேறு கண்ணோடு பார்த்தார். தமிழ்ப் புலவர்களிடம் முறையாகப் பாடம் கேட்டவர், தமிழுக்கு இலக்கண நூல் எழுதியவர் அவர். வேதத்தை மொழிபெயர்ப்பதன் நெறிகள் குறித்து 1827இல் அவர் ஒரு கட்டுரையே வெளியிட்டார். அதன் சாரம் எளியது: மூலத்தின் சொல்வரிசையைப் பிடித்துத் தொங்கினால் கேட்பவனுக்குப் பொருள் போய்ச் சேராது, பொருளைத் தமிழின் இயல்பான நடையில் சொல்வதே உண்மையான விசுவாசம். அவருடைய புதிய ஏற்பாடு 1833இல் முழுமையாக வெளிவந்தது. சரளமான தமிழ் என்று போற்றியவர்களும் இருந்தார்கள், மூலத்தை விட்டு விலகும் விளக்கவுரை என்று குறை கூறியவர்களும் இருந்தார்கள்.

இரேனியஸுக்கு இது மொழி விவகாரம் மட்டுமாக இருக்கவில்லை. நேற்றுவரை எழுத்தறியாதிருந்த ஒருவன் தானே படித்து, தானே புரிந்துகொண்டு, தானே ஜெபிக்க வேண்டும் என்பது அவருடைய கனவு. கிராமந்தோறும் பள்ளிகள் வைத்தார். 1830இல் தருமசங்கத்தை நிறுவி, துன்புறுத்தலுக்கு ஆளான கிறிஸ்தவர்களுக்கு நிலம் வாங்கிக் குடியிருப்புகள் அமைக்க வழிசெய்தார். தம் செமினரியில் எல்லாச் சாதி மாணவர்களும் ஒன்றாக உண்ண வேண்டும் என்றார், எதிர்ப்பையும் சந்தித்தார். எளிய தமிழும் பொதுப் பந்தியும் அவருக்கு ஒரே காரியத்தின் இரு பகுதிகள்.

சாஸ்திரியாரின் மறுப்பு

இதற்கு எதிர்நின்றவர் சாமானியரல்லர். 1774இல் திருநெல்வேலியில் பிறந்து, சிறுவயதில் ஸ்வார்ட்ஸால் தஞ்சைக்கு அழைத்துச் செல்லப்பட்டு, இளவரசர் சரபோஜியோடு ஒருசாலை மாணாக்கராக வளர்ந்த வேதநாயகம் சாஸ்திரியார். பெத்லகேம் குறவஞ்சி பாடியவர். தமிழ்க் கிறிஸ்தவக் கீர்த்தனை மரபின் மூலவர் என்றே அவரைச் சொல்லலாம்.

1820களின் இறுதியில் தஞ்சையின் பழைய சபையார் சார்பில் அவர் புதிய மிஷனரிகள்மேல் நான்கு குற்றங்களைச் சுமத்தினார். முதலாவது, பழைய வேத மொழிபெயர்ப்பில் கைவைத்தது. இரண்டாவது, சபைக்குள் சாதிகளை வலிந்து ஒன்றாக்க முயன்றது. மூன்றாவது, பண்டிகைகளில் பூக்களை விலக்கியது. நான்காவது, ஆராதனையில் கீர்த்தனையையும் வாத்தியத்தையும் தடுத்தது.

இந்த நான்கையும் ஒரே மூச்சில் படிக்கும் இன்றைய வாசகன் தடுமாறவே செய்வான். பூவையும் பாட்டையும் பற்றி அவர் சொல்வது நமக்கு உடனே நியாயமாகப் படுகிறது. ஒரு ஜனம் தன் தெய்வத்தைத் தன் ராகத்தில் பாடக்கூடாதென்று ஐரோப்பியர் ஒருவர் சொல்வதை நம்மால் ஏற்க இயலவில்லை. வேதத்தின் தமிழைப் பற்றி அவர் சொல்வதிலும் ஆழமான ஓர் உண்மை இருக்கிறது: இரண்டு தலைமுறை மனப்பாடம் செய்து அழுதும் தொழுதும் வாழ்ந்த சொற்களை ஒரு சங்கம் கூடி மாற்றிவிட முடியுமா? ஆனால் அதே நாவால், அதே உரிமைக் குரலில், சாதிப் பிரிவினையையும் அவர் காத்து நிற்கிறார். அவருக்கு இவை நான்கும் ஒன்றே. பழமை என்ற ஒரே துணியில் வேதத்தின் மொழி, பூ, பாட்டு, சாதி எல்லாம் நெய்யப்பட்டிருந்தன. ஓர் இழையை உருவினால் துணியே பிரிந்துவிடும் என்று அவர் அஞ்சினார்.

எதிர்த்தரப்பிலும் இதே பின்னல்தான். சாதியை ஒழிக்க நினைத்த மிஷனரிகளில் பலருக்குப் பூவும் கீர்த்தனையும்கூட அஞ்ஞானமாகவே தோன்றின. சமத்துவத்தைக் கொண்டுவந்த கையே பாட்டையும் பறித்தது. நம் நவீன வரலாற்றில் இதே முடிச்சை வேறு பல இடங்களிலும் காண்கிறோம். இதில் ஒரு தரப்பை முற்றும் தூயதாக்கி மறுதரப்பை இருளாகக் காட்டும் எழுத்து எதுவாயினும் அது பாதி வரலாறே.

முடிவுகள் இருவருமே எதிர்பாராத வகையில் அமைந்தன. அபிஷேக உரிமை குறித்தும் ஆங்கிலத் திருச்சபை குறித்தும் எழுந்த பிணக்கில் இரேனியஸ் 1835இல் தம் சங்கத்தாலேயே விலக்கப்பட்டார். ஆர்க்காட்டுக்குப் போனவரைத் திருநெல்வேலி மக்கள் திரும்ப அழைத்தனர். 1838இல் பாளையங்கோட்டையிலேயே மறைந்தார், அவருடைய கல்லறை அங்கு இருக்கிறது. சாஸ்திரியாரோ 1864வரை வாழ்ந்தார். மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த வெப் ஐயர் 1853இல் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டபோது, மிஷனரிகளால் விலக்கப்பட்ட பாட்டு மிஷனரி ஒருவர் கையாலேயே ஆலயத்துக்குள் திரும்பி வந்தது. அதைத் தம் கண்ணால் காணும் பேறு சாஸ்திரியாருக்குக் கிட்டியது.

சமரசமும் ஒரு காவியமும்

மொழிபெயர்ப்புப் பூசலுக்கு ஒரு முடிவு தேட பல சங்கங்கள் சேர்ந்து போவர் ஐயர் தலைமையில் ஒரு குழுவை ஏற்படுத்தின. கால்டுவெல் அதில் ஓர் உறுப்பினர். 1861இல் அக்குழு பாளையங்கோட்டையில் கூடி வேலை செய்தது. அதற்குமுன் 1850இல் பெர்சிவல் பாதிரியார் ஆறுமுக நாவலரின் துணையோடு செய்த யாழ்ப்பாணத் திருப்புதல் வெளிவந்திருந்தது. நாவலரின் தமிழ் செம்மையாக இருந்தும் சபைகள் அதை ஏற்கவில்லை. இதிலிருந்து குழு பாடம் கற்றிருக்க வேண்டும். புதிதாக எழுதாமல் பப்ரீஷியஸை அடித்தளமாக வைத்து, தேவையான இடத்தில் மட்டும் இரேனியஸ் முதலானோரைத் துணைக்கொண்டது. போவர் வெறும் மிஷனரி அல்லர். முத்தையாபிள்ளையின் உதவியோடு 1868இல் சீவகசிந்தாமணியின் நாமகள் இலம்பகத்தைப் பதிப்பித்தவர். உ.வே.சா. பதிப்புக்கு ஏறத்தாழ இருபதாண்டுகள் முந்தியது அது. 1871இல் முழு வேதாகமமாக வெளிவந்த இந்த ஐக்கியத் திருப்புதலே இன்றும் பெரும்பாலான புராட்டஸ்டண்ட் இல்லங்களில் இருப்பது. பப்ரீஷியஸின் ‘பராபரன்’ அதில் ‘தேவன்’ ஆனார். ஆனால் பழைய கீர்த்தனைகளில் பராபரன் அப்படியே தங்கிவிட்டார். வேதப் புத்தகத்திலிருந்து வெளியேற்றப்பட்ட சொல் பாட்டில் அடைக்கலம் புகுந்ததுபோல.

இதே காலத்தில் வேறொரு வழியைத் தேர்ந்தவர் எச்.ஏ.கிருஷ்ணபிள்ளை. பாளையங்கோட்டையை அடுத்த கரையிருப்பில் 1827இல் வைணவ வேளாளக் குடும்பத்தில் பிறந்து, சாயர்புரத்தில் தமிழாசிரியராக இருந்து, 1858இல் ஞானஸ்நானம் பெற்றவர். கம்பனில் தோய்ந்த அந்த மனத்துக்கு வேதாகமத்தின் உரைநடை போதவில்லை என்று ஊகிக்கலாம். ஆனால் அவர் மொழிபெயர்ப்பைத் திருத்தப் புறப்படவில்லை. பனியனின் மோட்சப் பிரயாணக் கதையைத் தழுவி மூவாயிரத்து எழுநூறுக்கும் மேற்பட்ட பாடல்களில் இரட்சணிய யாத்திரிகம் இயற்றினார். 1894இல் அது நூலாயிற்று. திருவாய்மொழியைத் தந்த ஆற்றங்கரையில், அதே பக்தி மரபின் சொல்லாட்சியோடு, வேறொரு வேதத்தின் சாரத்தைச் சொன்ன காவியம் அது. வேதத்தை அறிவதென்பது அதை ஒப்பிப்பதும் அல்ல, எளிதாக்கி விளங்கிக்கொள்வதும் மட்டுமல்ல. தன் மொழியின் மிக ஆழமான அடுக்கிலிருந்து அதற்கு விடை சொல்வது என்று கிருஷ்ணபிள்ளை காட்டினார். ஆயினும் சாமானிய விசுவாசியின் நாவில் ஏறியது கீர்த்தனைதான். காவியம் பெரும்பாலும் புலவர்களிடம் தங்கிவிட்டது.

இன்றும் தொடரும் கேள்வி

1930களில் லார்சனின் திருத்திய மொழிபெயர்ப்பு வந்தது. 1995இல் கத்தோலிக்கரும் மற்றச் சபையாரும் இணைந்து உருவாக்கிய திருவிவிலியம் வந்தது. கிருபை ‘அருள்’ ஆயிற்று, இரட்சிப்பு ‘மீட்பு’ ஆயிற்று, ஞானஸ்நானம் ‘திருமுழுக்கு’ ஆயிற்று. பழைய திருப்புதலில் ஆபிரகாமும் பவுலும் ‘அவன்’, மரியாள் ‘அவள்’. புதியதில் அவர்கள் ‘அவர்’ ஆனார்கள். மரியாதை ஒருமையின் இந்தச் சிறு மாற்றத்துக்குள் ஒரு நூற்றாண்டுச் சமூக வரலாறு அடங்கியிருக்கிறது. ஆனாலும் நெல்லைக் கிராமத்துக் குடும்ப ஜெபத்தில் ஒலிப்பது பெரும்பாலும் பழைய திருப்புதல்தான். அது தேவபாஷை என்றே பலர் நம்புகிறார்கள். ஒருகாலத்தில் அதுவும் பழையதைக் கெடுக்க வந்த புதுமையாகவே பார்க்கப்பட்டது என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது. லுத்தரன் சபையார் அதை ஏற்காமல் நெடுங்காலம் பப்ரீஷியஸையே வைத்துக்கொண்டிருந்தனர்.

புரியும் தமிழில் வேதம் வேண்டும் என்ற இரேனியஸின் நியாயம் இன்னும் செல்லுபடியாகிறது. பழகிய சொல் பறிபோகும்போது ஜெபத்தின் ஒரு பகுதியும் பறிபோகிறது என்ற சாஸ்திரியாரின் வலியும் உண்மையே. இரண்டையும் ஏற்றுக்கொண்டபின் நாம் சாஸ்திரியாரைக் கேட்க வேண்டிய ஒன்று மிஞ்சுகிறது: அவர் கட்டிய மூட்டையிலிருந்து பூவையும் பாட்டையும் பழைய சொல்லையும் எடுத்துக்கொண்டு, சாதியை மட்டும் விட்டுவர முடியாமல் போனது ஏன்? கீர்த்தனையை மீட்டுக்கொண்ட நெல்லைச் சபை இதற்கு இன்னும் விடை சொல்லி முடிக்கவில்லை. ஆலயங்களில் சாதியின் பெயரால் வழக்குகளும் விலகல்களும் இருபதாம் நூற்றாண்டோடு முடிந்துவிடவில்லை. வேதக்காரர்கள் என்ற பெயர் ஒரு நூலை வைத்திருப்பதால் வந்தது. அந்த நூல் எந்தத் தமிழில் இருந்தாலும், பந்தியில் யார் பக்கத்தில் யார் அமரலாம் என்ற கேள்வி அதைப் படிக்கும் ஒவ்வொருவர் முன்னும் அப்படியே இருக்கிறது.